ஈஸி ரன் ஈஸியாக இருக்கட்டும்

முதல் மாரத்தானுக்கோ, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் முதல் ட்ரையத்லானுக்கோ பயிற்சி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் வலியைப் பற்றித்தான் என்னிடம் கேட்பார்கள். 35-ஆவது கிலோமீட்டரில் கால் மறுத்தால் என்ன செய்வது? மனசு 'போதும்' என்று சொன்னால் எப்படிச் சமாளிப்பது? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் 5-ஆவது கிலோமீட்டரில், உடம்பு தெம்பாக இருக்கும்போது, பக்கத்தில் வந்தவர் முந்திக்கொண்டு போனால் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: 35-இல் நடக்கப்போவதைப் பெரும்பாலும் அந்த 5-தான் முடிவு செய்கிறது. அந்த 5-இல் நீங்கள் எப்படி நடந்துகொள்வீர்கள் என்பதை, போட்டிக்கு நான்கு மாதம் முன்னால் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஓடிய சாதாரண ஓட்டம் முடிவு செய்கிறது.

புதிதாக வருகிறவரின் வாட்ச் பதிவுகளை வாங்கிப் பார்ப்பதுதான் நான் செய்யும் முதல் வேலை. அநேகமாக எல்லாருடையதும் ஒரே மாதிரி இருக்கும். செவ்வாய் 45 நிமிடம், சராசரி இதயத்துடிப்பு 156. வியாழன் 45 நிமிடம், 158. ஞாயிறு லாங் ரன், அதுவும் 157. எல்லா நாளும் கொஞ்சம் மூச்சு வாங்க, கொஞ்சம் வியர்த்து, 'இன்னைக்கு நல்லா ஓடினேன்' என்ற திருப்தியோடு வீட்டுக்கு வரும் வேகம். அந்தத் திருப்திதான் சிக்கலே. உடம்பு தேறிக்கொள்ளும் அளவுக்கு அது லேசான ஓட்டமும் கிடையாது, வேகத்தைக் கூட்டும் அளவுக்குக் கடுமையான ஓட்டமும் கிடையாது. ஆறு மாதம் அப்படி ஓடியவருக்கு முதல் இரண்டு மாதத்தில் கொஞ்சம் முன்னேற்றம் தெரியும், அப்புறம் அப்படியே நின்றுவிடும். நின்றதும் என்ன செய்வார்? இன்னும் கொஞ்சம் அழுத்துவார்.

மெதுவான ஓட்டத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று விளக்கிவிட்டால் பலர் சமாதானமாகிவிடுகிறார்கள், அதனால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெதுவாக, நீண்ட நேரம் ஓடும்போது ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. தசை நார்களைச் சுற்றிப் புதிய நுண்ரத்தக் குழாய்கள் உருவாகின்றன. ஆக்சிஜனை வைத்துச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா எண்ணிக்கையிலும் திறனிலும் பெருகுகிறது. உடம்பு கொழுப்பை எரித்து ஓடப் பழகிக்கொள்கிறது. நீண்ட தூர விளையாட்டுக்கான அடித்தளம் முழுவதும் இதுதான். இவற்றில் எதுவும் அடுத்த நாள் வாட்சில் தெரியாது. தெரிய மாதங்கள் ஆகும். அதுவரை நம்பி ஓட வேண்டும். நான் மனப்பயிற்சி என்று சொல்வது இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

இதை முதலில் உலகத்துக்குக் காட்டியவர்களில் ஒருவர் நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியர்ட். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயிற்சி பெற்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். இன்னொரு சீடர் பாரி மகீ மாரத்தானில் வெண்கலம் வாங்கினார். இரண்டு நிமிடம்கூட ஆகாத பந்தயத்தை ஓடும் ஸ்னெல், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆக்லாந்து அருகே மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தார். 800 மீட்டர் வீரருக்கு எதற்கு இவ்வளவு தூரம் என்று அன்றைக்குக் கேட்காதவர்கள் குறைவு. லிடியர்டின் ஓட்டங்கள் சோம்பலான ஜாகிங் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் மூச்சு முட்டாத வேகத்தில் பல மாதம் தூரத்தைச் சேர்த்துவிட்டு, அதற்கு மேல்தான் அவர் வேகத்தை வைத்தார். வரிசை அப்படி.

பின்னால் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர், உலகத் தரத்துப் படகு வீரர்களும் பனிச்சறுக்கு வீரர்களும் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று கவனித்தார். அவர்களுடைய பயிற்சிகளில் நூற்றுக்கு எண்பது வரை லேசானவையாக இருந்தன. '80/20' என்று இன்று எல்லாரும் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். வாரத்துக்கு இருபது மணி நேரம் பயிற்சி செய்கிறவர்களின் கணக்கை ஆறு மணி நேரம் ஓடுகிறவர் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டால், எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை என்பேன். 75-ஓ 80-ஓ, லேசான நாள் நிஜமாகவே லேசாக இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

அதைச் சரிபார்க்க நான் பேச்சைத்தான் நம்புகிறேன். முழு வாக்கியத்தை மூச்சு உடையாமல் பேச முடிந்தால் வேகம் சரி. 180-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணுக்குள் இதயத்துடிப்பை வைத்துக்கொள்ளச் சொல்லும் ஃபில் மாஃபெடோனின் சூத்திரம் ஓர் ஆரம்பத்துக்கு உதவும். ஆனால் ஒரே வயதுள்ள இரண்டு பேரின் அதிகபட்ச இதயத்துடிப்பு இருபது துடிப்பு வித்தியாசப்படலாம். போதாததற்கு மணிக்கட்டு சென்சாருக்கும் பிழை உண்டு. பேச்சுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்மணி, நாற்பதைத் தாண்டியவர், பெரிய பொறுப்பில் வேலை பார்ப்பவர். எடுத்த காரியத்தை அழுத்தி முடித்தே பழக்கப்பட்டவர். மெதுவாக ஓடுங்கள் என்று எத்தனை முறை எழுதி அனுப்பினாலும் பதிவில் 155-க்குக் கீழே வராது. ஒரு நாள் காலை நான் சைக்கிளில் அவர் பக்கத்திலேயே போனேன்.

"கோச், இதை ஓட்டம்னே சொல்ல முடியாது. நடக்கிறவங்களே என்னை முந்திடுவாங்க."

"முந்தட்டும். இன்னைக்கு ஆபீஸ்ல என்னென்ன வேலை இருக்கு? சொல்லிட்டே வாங்க."

சொல்ல ஆரம்பித்தார். சமதரையில் சரளமாக வந்தது. ஒரு சின்ன ஏற்றம் வந்தது. "பத்து மணிக்கு ஒரு மீட்டிங், அதுக்கு அப்புறம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார், மூச்சு எடுத்தார், "ரெண்டு பேர்..." என்றார், மறுபடி மூச்சு. "இப்ப நடங்க" என்றேன். முகம் சுருங்கியது. ஆனாலும் நடந்தார். ஏற்றம் முடிந்ததும் மறுபடி ஓட்டம், மறுபடி மீட்டிங் கதை. அன்று மட்டும் ஏழெட்டு முறை நடக்க வைத்திருப்பேன். முடிவில் அவர் கேட்டதுதான் என் மனசில் நிற்கிறது: "ஸ்ட்ராவால எல்லாரும் பார்ப்பாங்களே கோச், இந்த பேஸை?" ஓடிய தூரத்தையும் பேஸையும், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஆன நேரத்தையும், மற்றவர்களோடு பகிரும் ஆப் ஸ்ட்ராவா. அப்போதுதான் அவருக்கும் எனக்கும் விஷயம் பிடிபட்டது. அவருடைய கால்களும் நுரையீரலும் மெதுவாகப் போகத் தயாராகவே இருந்தன. பார்க்கிறவர்களின் கண்தான் அவரை வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தது. வாட்ச் திரையில் பேஸ் தெரியாதபடி மாற்றி, ஓடிய நேரம் மட்டும் தெரியும்படி வைத்துக் கொடுத்தேன். பதிவுகளை யாரும் பார்க்க முடியாதபடி அவரே மூடினார். சில மாதம் கழித்து அதே பாதையில், அதே ஏற்றத்தில், பேசிக்கொண்டே ஓடி மேலே வந்தார். பேஸ் எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாதாரண நாளில் ஒருவர் முந்தும்போது பொறுத்துக்கொள்ளத் தெரியாதவருக்கு, போட்டி நாளில் ஆயிரம் பேர் முந்தும்போது அது திடீரென்று வந்துவிடாது. முந்துகிறவர்களை விட்டுவிடுவது ஒரு திறமை. மற்றத் திறமைகளைப் போலவே அதையும் பழக வேண்டும். பழகுவதற்கு வாரத்தில் நான்கைந்து ஈஸி ரன்கள் கிடைக்கின்றன. அவற்றை வீணாக்காதீர்கள்.

கடுமையான நாட்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவற்றைச் செய்ய யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒன்று, உடம்பு பழகியவருக்கு இரண்டு. 1000 மீட்டர் இன்டர்வல், அதாவது நடுவில் ஓய்வு விட்டு வேகமாக ஓடும் துண்டு, ஐந்து என்றால், ஐந்தாவதை முடிக்கும்போது இன்னும் ஒன்று ஓடியிருக்கலாம் என்று தோன்ற வேண்டும். மைதானத்தில் விழுந்து கிடக்கும் அளவுக்கு ஓடினால் அடுத்த மூன்று நாள் பயிற்சி பாழ். டோக்கியோ ஒலிம்பிக்கில் ட்ரையத்லான் தங்கம் வாங்கி, அடுத்த ஆண்டே அயர்ன்மேன் என்ற மிக நீண்ட ட்ரையத்லானின் உலகப் பட்டத்தையும் வென்ற நார்வே வீரர் கிறிஸ்டியன் புளுமென்ஃபெல்ட்டின் அணியினர், பயிற்சிக்கு நடுவே விரலிலோ காதிலோ ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கடுமையாக உழைக்க உழைக்க ரத்தத்தில் கூடும் லாக்டேட்டின் அளவைப் பார்ப்பார்கள். போதுமான வேகம் வந்ததா என்று பார்ப்பதைவிட, வரம்பைத் தாண்டிவிடவில்லையே என்று பார்ப்பதற்குத்தான் அந்தச் சொட்டு. உலகத்தின் மிகக் கடினமான உழைப்பாளிகள் கடுமையான நாளிலும் கையை இழுத்துப் பிடிக்கிறார்கள்.

காயங்களுக்கும் இதே கணக்குதான். மூச்சும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடுகின்றன. தசைநாண்களுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். அதனால் ஓட ஆரம்பித்து இரண்டு மூன்று மாதம் ஆனவர்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறவர். மூச்சு வாங்குவதில்லை, இன்னும் போகலாம் என்று தோன்றுகிறது, ஆனால் கீழ்க்கால் எலும்பு இன்னும் தயாராகவில்லை. ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் மறையும் விறைப்பு பரவாயில்லை. ஓட ஓடக் கூடுகிற வலி, நடையை மாற்றுகிற வலி, எலும்பில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் இருக்கும் வலி, இந்த மூன்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். ட்ரையத்லான் வீரருக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. காலில் அடி விழாமலேயே சைக்கிளிலும் தண்ணீரிலும் இதயத்தை வளர்த்துக்கொள்ளலாம். ஓட்டக்காரர்களும் இதை ஏன் அதிகம் பயன்படுத்துவதில்லை என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

பெண்களிடம் கண்டிப்பாக ஒன்று கேட்பேன், இதைப் பேசக் கூச்சப்படும் பயிற்சியாளர்கள் தயவுசெய்து கூச்சத்தை விட்டுவிட வேண்டும். பயிற்சி கூடிய பிறகு மாதவிடாய் சில மாதம் வராமல் போனால், கடுமையாக உழைக்கிறோம் என்பதற்கான சான்றாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. செலவாகும் அளவுக்குச் சாப்பிடவில்லை என்று உடம்பு சொல்கிறது. எலும்பு அடர்த்தி குறைவதும், அழுத்தத்தால் எலும்பில் விரிசல் விழுவதும் அதைத் தொடர்ந்து வரும். ஆண்களுக்கும் போதாத உணவு இதே சேதத்தைச் செய்கிறது, வெளியில் தெரியும் அறிகுறிதான் குறைவு.

ட்ரையத்லானில் பொறுமை முதலில் சோதிக்கப்படுவது தண்ணீரில். குளத்தில் அழகாக நீந்துகிறவர்கூட, கீழே தரை தெரியாத திறந்த நீரில், நாலு பக்கமும் கைகால் இடிக்க, முதல் 200 மீட்டரிலேயே மூச்சு திணறிப்போவார். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறார், தண்ணீருக்குள் முழுசாக வெளியே விடவில்லை. ஓரமாக நின்று ஆரம்பியுங்கள். முதல் சில நிமிடம், இது போட்டிதானா என்று தோன்றும் அளவுக்கு மெதுவாகப் போங்கள். பதற்றம் வந்தால் மல்லாந்து மிதங்கள், பத்து மூச்சு எண்ணுங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் கையைத் தூக்கிப் படகைக் கூப்பிடுங்கள். ட்ரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களில் பெரும்பகுதி நீச்சலில்தான் நேர்ந்திருக்கிறது. கையைத் தூக்குவதில் ஒரு வெட்கமும் இல்லை. மார்பில் வலியோ இருமலில் நுரையோ வந்தால் யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் போட்டி கெட்டுப்போகும் இடம் சைக்கிள்தான். முழு அயர்ன்மேன் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கப்புறம் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். தண்ணீரிலிருந்து வெளியே வந்து, காற்று முகத்தில் அடிக்க, கால்கள் புதுசாக இருக்க, கூட்டம் கைதட்ட, அந்த முதல் 30 கிலோமீட்டரில் எல்லாருமே தங்களைச் சாம்பியனாக உணர்கிறார்கள். அங்கே இயற்பியல் ஒன்றை நினைவில் வையுங்கள். சமதரையில் சைக்கிளை எதிர்ப்பது முக்கியமாகக் காற்று. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் பவர் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் கூடுகிறது. அதாவது 10 சதவீதம் வேகமாகப் போக ஏறத்தாழ 33 சதவீதம் அதிகப் பவர் வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிறவர் 33-இல் போவதற்குக் கொடுக்கும் விலை இது. அவர் மிச்சப்படுத்துவது அரைமணி சொச்சம். அதை ஓட்டத்தில் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 20-ஆவது கிலோமீட்டரில் நடக்க ஆரம்பித்து, பிறகு ஓடவே முடியாமல் போனவர்கள். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச பவரில் 65 முதல் 75 சதவீதத்துக்குள் முழு தூரத்தையும் ஓட்டச் சொல்வேன். ஆரம்பிக்கும்போது அந்த வரம்பின் கீழ்ப்பக்கம். பவர் மீட்டர் இல்லையா? சரி, அங்கேயும் பேச்சுதான்.

சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கால்கள் நம்முடையவை இல்லை போலிருக்கும். வேகமே இல்லை என்று தோன்றும், ஆனால் வாட்சைப் பார்த்தால் திட்டமிட்டதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருப்போம். பல மணி நேரம் சைக்கிள் வேகத்துக்குப் பழகிய கண்ணும் காலும் ஏமாற்றுகின்றன. இதற்குத்தான் பிரிக் ஒர்க்அவுட். சைக்கிள் முடிந்ததும் 20 நிமிடம் ஓடினால் போதும். முதல் இரண்டு கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓடிப் பழகுவதுதான் அதன் முழு நோக்கம்.

வேகத்தை அடக்கச் சொல்வதற்கு உணவுக் கணக்கிலும் வலுவான காரணம் இருக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் நாம் சேமித்து வைக்கும் மாவுச்சத்து, அதாவது கிளைக்கோஜன், கிட்டத்தட்ட 2000 கிலோகலோரி. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும். 65 கிலோ எடையுள்ளவர் மாரத்தான் ஓடினால் 2700-க்கு மேல். மீதியைக் கொழுப்பு கொடுக்க வேண்டும், அல்லது வழியில் சாப்பிட வேண்டும். வேகம் கூடக் கூட, எரிவதில் மாவுச்சத்தின் பங்கு கூடிக்கொண்டே போகும். முதல் 10 கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு 15 விநாடி அதிக வேகமாக ஓடியவர் அந்தச் சேமிப்பில்தான் கை வைத்திருக்கிறார். 30-ஐத் தாண்டி 'சுவரில் முட்டுவது' என்று சொல்கிறோமே, பெரும்பாலும் அது அந்தச் சேமிப்பு தீர்ந்துபோன நேரம். மன உறுதியால் காலியான தசையை நிரப்ப முடியாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

நீண்ட போட்டிகளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்ததாக இருந்தால் 90 கிராம் வரைகூட எடுக்கலாம். குடல் அந்த இரண்டையும் தனித்தனி வழியில் உறிஞ்சுகிறது என்பதால்தான் கலவை அதிகம் தாங்குகிறது. ஆனால் குடலுக்கும் பயிற்சி வேண்டும். ஞாயிறு லாங் ரன்னில் ஒரு மாவுச்சத்து ஜெல்கூடச் சாப்பிட்டுப் பழகாதவர் போட்டியில் எட்டு ஜெல்லை வயிற்றில் இறக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர் குடிப்பதில் எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம், அதாவது தேவைக்கு மேல் குடித்தவர்களிடம், அது அதிகம் காணப்பட்டது. தாகத்துக்குக் குடியுங்கள். ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று நிறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சரி, மனசுக்கு வருவோம்.

1982 பிப்ரவரியில் ஹவாய் அயர்ன்மேனில் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். உடற்பயிற்சி பற்றிய தன் ஆய்வுக்காகத்தான் போட்டியில் சேர்ந்திருந்தார். ஃபினிஷ் லைன் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கால்கள் மடங்கி விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து போய் ஜெயித்தார். ஜூலி தவழ்ந்து வந்து கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்து ட்ரையத்லானுக்கு வந்தவர்கள் ஏராளம். அந்தக் காட்சியை இப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு 'இந்த விளையாட்டு என்றால் தவழ்வதுதான்' என்று எடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர், அது எனக்கு வருத்தம்.

அன்று தொலைக்காட்சியில் பார்த்து வந்தவர்களில் ஒருவர் மார்க் ஆலன். அதே ஆண்டு அக்டோபரில் ஹவாயில் போட்டியிட்டார், சைக்கிள் பழுதாகி முடிக்க முடியவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் மூன்றாம் இடம், ஐந்தாம் இடம், இரண்டாம் இடம் என்று, அந்த முதல் முயற்சியையும் சேர்த்து ஆறு முறை கை நழுவியது. மாஃபெடோன் சொன்னபடி இதயத்துடிப்புக்கு வரம்பு வைத்து ஓட ஆரம்பித்தபோது, அதற்கு முன் பழகிய வேகத்தைவிட வெகுவாகக் குறைத்து ஓட வேண்டியிருந்தது. ஆண்டுக்கணக்கில் அதைத் தொடர்ந்தார். 1989-இல் ஏழாவது முயற்சியில், அதற்குள் ஆறு முறை பட்டம் வென்றிருந்த டேவ் ஸ்காட்டோடு கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் தோளோடு தோள் போனார். மாரத்தானின் கடைசி ஏற்றத்தில்தான் பிரிந்தார். வித்தியாசம் 58 விநாடி. அன்று அவர் ஓடிய 2 மணி 40 நிமிட மாரத்தான் அந்தப் போட்டியில் 2016 வரை சாதனையாக இருந்தது. எட்டு மணி நேரம் எதிராளி பக்கத்திலேயே இருந்தும் அவசரப்படாத மனசை நினைத்துப் பாருங்கள். ஜூலியின் துணிச்சலைப் பார்த்து வந்தவர், ஜெயிக்கும்போது கொண்டுவந்தது பொறுமையை.

இதன் அர்த்தம் கடைசியில் கஷ்டமே இருக்காது என்பதில்லை. இருக்கும். அந்த நேரத்துக்குச் சில கருவிகள் உண்டு. சாமுவேல் மார்கோரா என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் உதவியது. சைக்கிளில் ஒரே பவரில் இனி முடியாது என்னும் வரை மிதிக்கச் சொன்னார்கள். பிறகு ஒரு குழுவினருக்குத் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்துப் பழக இரண்டு வாரம் கொடுத்தார்கள். மறுபடி மிதித்தபோது அவர்கள் சராசரியாக 18 சதவீதம் கூடுதல் நேரம் தாங்கினார்கள். மற்றக் குழு மாறவில்லை. அதே பவர் அவர்களுக்கு முன்பைவிட லேசாகத் தெரிந்தது. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது: வாக்கியங்களை அவரவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், போட்டிக்கு முன்பே பழக வேண்டும். ஒருவருக்கு 'தோளைத் தளர்த்து' என்பது வேலை செய்யும். இன்னொருவருக்கு 'அடுத்த தண்ணீர் மேசை வரைக்கும்'. நான் சொல்லிக் கொடுக்கும் வாக்கியம் பெரும்பாலும் ஒட்டுவதில்லை.

இன்னொன்று, கெடக்கூடியவற்றை முன்கூட்டியே எழுதி வைப்பது. 2008 ஹவாயில் கிறிஸ்ஸி வெலிங்டனுக்குச் சைக்கிள் டயர் பஞ்சர் ஆனது. காற்றடைக்க வைத்திருந்த வாயுக் குப்பி வீணாகிப்போய்ச் சாலையோரம் நின்றார். போட்டியாளரான ரெபெக்கா கீட் தன்னுடையதைக் கொடுத்து உதவ, மறுபடி ஏறி, அந்தப் போட்டியையே ஜெயித்தார். என்னிடம் பயிற்சி பெறுகிறவர்கள் போட்டிக்கு ஒரு வாரம் முன் ஒரு தாளில் எழுதுவார்கள்: நீச்சல் கண்ணாடி கழன்றால் என்ன செய்வேன், பஞ்சர் ஆனால் என்ன செய்வேன், வயிறு மறுத்தால் என்ன செய்வேன். பதிலில் நான் பார்ப்பது ஒன்றைத்தான். இழந்த நேரத்தை உடனே பிடிப்பேன் என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஐந்து நிமிட பஞ்சரை அடுத்த பத்து கிலோமீட்டரில் ஈடுகட்டப் போனால் ஓட்டத்தில் அரைமணி போகும்.

வேகத்தைப் பிரித்து வைப்பதற்குக் கென்ய வீரர் எலியுட் கிப்சோகே 2018 பெர்லினில் ஓடிய மாரத்தானை நான் அடிக்கடி காட்டுவேன். முதல் பாதி 61 நிமிடம் 6 விநாடி, இரண்டாம் பாதி 60 நிமிடம் 33 விநாடி. மொத்தம் 2:01:39, அன்றைய உலக சாதனை. அன்றைக்கு உலகிலேயே வேகமானவர் முதல் பாதியில் அரை நிமிடம் மிச்சம் வைத்து ஓடியிருக்கிறார்.

வேலை, குடும்பம், தூக்கம் எல்லாம் இருக்கிற மனிதர்களுக்குத்தான் நான் திட்டம் எழுதுகிறேன். அதனால் ஒரு நாள் விட்டுப்போனால் விட்டுப்போனதுதான், மறுநாள் இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள். காலை எழுந்ததும் இதயத்துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு கூடுதலாக இருந்து, தூக்கமும் சரியில்லை, வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுகிறீர்கள் என்றால் அன்றைய இன்டர்வலை ஈஸி ரன்னாக மாற்றுங்கள். என்னிடம் அனுமதி கேட்க வேண்டாம்.

போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம்தான் பலருக்கு மிகவும் கஷ்டமான காலம். தூரத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்வேன், வேகமான துண்டுகளை மட்டும் அப்படியே வைத்திருப்பேன். உடனே போன் வர ஆரம்பிக்கும். "கோச், முழங்கால்ல ஏதோ குத்துது." "கோச், உடம்பு கனமா இருக்கு, ஒரு 25 கிலோமீட்டர் ஓடிப் பார்க்கட்டுமா?" ஓய்வு எடுக்கும் உடம்பில் இல்லாத வலியெல்லாம் தெரியும். இந்தப் பதினைந்து நாளில் புதிதாக எந்தத் தகுதியும் சேராது, சேர்த்ததைக் கெடுக்க மட்டும்தான் முடியும். தூங்குங்கள். பழகிய உணவையே சாப்பிடுங்கள். புது ஷூ வாங்காதீர்கள்.

முடித்த பிறகும் அவசரம் விடாது. மெடல் கழுத்தில் இருக்கும்போதே அடுத்த போட்டியைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. மாரத்தானுக்குப் பிறகு தசையின் வலி ஒரு வாரத்தில் போய்விடும், உள்ளே இருக்கும் சேதம் ஆற அதைவிட நாளாகும். முதல் வாரம் நடை, நீச்சல், சும்மா இருப்பது. இரண்டாவது வாரம் விருப்பப்பட்டால் 20, 30 நிமிடம் வாட்ச் இல்லாமல் ஓடலாம். முழு அயர்ன்மேன் என்றால் ஒரு மாதம் எந்தத் திட்டமும் கேட்காதீர்கள், நானும் அனுப்ப மாட்டேன். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுப்பதை அதற்கு அப்புறம் உட்கார்ந்து பேசலாம்.